ஐம்பத்திரண்டாவது நாள்

"உங்க வீட்டுக்காரரு ரோட்டுல சாகலையேம்மா. வீட்டுலதானே செத்தாரு?"

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்டார். கூண்டில் நின்ற என் அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜட்ஜைப் பார்த்தாள்.

"வீட்டுலதான் செத்தாரு சாமி. அடிபட்டது ரோட்டுல."

பின்னால் வாக்குமூலத்தின் நகல் வாங்கிப் பார்த்தோம். அதில் இருந்தது ஒரே வரி: "என் கணவர் வீட்டில் வைத்துத்தான் இறந்தார் என்றால் சரிதான்." அத்தை சொன்ன இரண்டாவது பாதியைக் காணோம். குறுக்கு விசாரணையை அப்படித்தான் எழுதுவார்கள். ஒப்புக்கொண்டால் "என்றால் சரிதான்", மறுத்தால் "என்றால் சரியல்ல". இரண்டுக்கும் நடுவில் அத்தையின் பதிலுக்கு இடம் இல்லை.

அது 1986. திருச்சி கோர்ட். எனக்கு இருபத்திரண்டு வயது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் துணைக்குப் போயிருந்தேன். போனவன் அந்தக் கோர்ட்டை விட்டு வெளியே வரவில்லை. நாற்பது வருடமாக வக்கீல் குமாஸ்தா.

எங்கள் ஊர் புளியஞ்சோலை. கொல்லிமலையின் கிழக்கு அடிவாரம். திருச்சியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம் வழியாக எழுபது கிலோமீட்டர் சொச்சம். மேலே அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆகாய கங்கையாக விழும் தண்ணீர்தான் எங்களிடம் ஐயாறாக இறங்கி வருகிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது சுற்றுலாத் தலம். எங்கள் சிறுவயதில் இது இறங்குதுறை. எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு மலைக்கு அந்தப் பக்கம், காரவள்ளியிலிருந்து ஏறுகிறது. இந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதைதான். மலைச் சனங்கள் பலாப்பழமும் வாழைத்தாரும் மிளகும் தலைச்சுமையாக இறக்குவார்கள். கீழே லாரி நிற்கும். தராசு பிடிக்கவும் பழத்தைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கவும் ஆள் இருக்கும். அத்தை வீட்டுக்காரர், என் மாமா, அந்த வேலைதான் செய்தார். பழத்தைத் தட்டினால் இன்னும் எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவார். மழை எப்போது என்று கேட்டால்தான் தப்பாகச் சொல்வார்.

1984 வைகாசி. விடிகாலையில் பின்னோக்கி வந்த லாரி மாமாவைப் புளியமரத்தோடு சேர்த்து நெருக்கியது. வலது தொடை எலும்பு முறிந்தது. அதே லாரியில் துறையூர், அங்கிருந்து திருச்சி. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு கிடந்தார். அத்தைக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு எருமை. திருச்சியில் எத்தனை நாள் வராந்தாவில் படுப்பாள்? "நாங்க நாட்டு வைத்தியம் பாத்துக்கிறோம்" என்று கைநாட்டு வைத்துவிட்டு ஆளைத் தூக்கி வந்துவிட்டார்கள். பாதர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டார். முப்பதாம் நாள் வாக்கில் இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண். நாற்பத்தைந்தில் குளிர்காய்ச்சல். ஐம்பத்திரண்டாம் நாள் சாயங்காலம் இறந்துபோனார். மறுநாள் ஐயாற்றங்கரையில் எரித்தோம். போலீசுக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? ஆக்சிடெண்ட் நடந்து இரண்டு மாசம் ஆகப்போகிறதே.

எங்கள் கேஸ் அன்றைக்கே, அந்த ஆற்றங்கரையிலேயே தோற்றுவிட்டது. ஆனால் அது தெரிய மூன்று வருடம் ஆனது.

கம்பெனி வக்கீல் மூன்று தாளைக் காட்டினார். ஒன்று, எஃப்.ஐ.ஆர். அதில் கொடுங்காயப் பிரிவு 338தான் இருந்தது. மரணத்துக்கான 304ஏ இல்லை. இரண்டு, ஆஸ்பத்திரியில் அத்தை கைநாட்டு வைத்த காகிதம். மூன்று, ஊர் இறப்புப் பதிவேட்டின் நகல். இறப்பின் காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: காய்ச்சல். யாரோ போய்ச் சொல்ல, எழுதுகிறவர் எழுதியது. சொன்னவன் நான்தான். காய்ச்சல் என்று சொன்னால் போதும் என்று நினைத்த இருபது வயதுப் பையன்.

"தொடை எலும்பு முறிந்ததால் ஒருவர் சாவதில்லை, சிகிச்சையைப் பாதியில் விட்டது அவர்கள் குற்றம், காய்ச்சல் யாருக்கும் வரும்." வாதம் அவ்வளவுதான். பிரேதப் பரிசோதனை இல்லாததால் மறுக்க எங்களிடம் எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்போது புதிதாக வந்திருந்த 92ஏ பிரிவின்படி, யார் மேல் தப்பு என்று பார்க்காமலே சாவுக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500. 1982இல் வந்த சட்டம். விபத்தால் செத்தார் என்பது காகிதத்தில் இருந்திருந்தால் அந்தப் பதினைந்தாயிரம் முதல் வருடமே வந்திருக்கும்.

கேஸ் முடிந்த அன்று எங்கள் வக்கீல் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கட்டு தூக்குறதுக்கு ஆளு வேணும். வர்றியா?" அத்தைக்குக் கேஸ் போனது, எனக்கு வேலை கிடைத்தது. அவரைத்தான் இனி சீனியர் என்று சொல்லப்போகிறேன்.

சீனியர் சாயங்காலம் ஆபீசில் கட்டுகளைப் பிரித்துக்கொண்டே கதை சொல்வார். அத்தை கேஸ் பேச்சு வந்தால் ஒரு குதிரை வண்டியில் ஆரம்பிப்பார். 1808, இங்கிலாந்து. பேக்கர் என்று ஒருவர். பெண்டாட்டியோடு கோச்சு வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து போனார். வண்டி குடைசாய்ந்தது. அவருக்குச் சிராய்ப்பு. பெண்டாட்டிக்குப் பலத்த அடி. ஒரு மாதம் போல ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தாள். வழக்குப் போட்டார். எல்லன்பரோ பிரபு தீர்ப்புச் சொன்னார்: மனைவி படுத்துக் கிடந்த அந்த ஒரு மாதத்துக்குக் கணவன் பட்ட நஷ்டத்தைக் கேட்கலாம், செத்ததற்குக் கேட்க முடியாது, ஒரு மனிதனின் சாவு சிவில் கோர்ட்டில் முறையிடக்கூடிய நஷ்டம் அல்ல. அதாவது வண்டிக்காரனுக்கு, அடிபட்டவர் பிழைத்துக் கிடப்பதைவிடச் செத்துப்போவது மலிவு. இதைச் சொல்லும்போது சீனியர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

இந்த அநியாயம் ரயில் வந்த பிறகுதான் அங்கே உறைத்தது. 1846இல் கேம்ப்பெல் பிரபுவின் சட்டம். அதைப் பார்த்து இங்கே 1855ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம், மரண விபத்துச் சட்டம். தப்புச் செய்தவன் செயலால் ஒருவர் இறந்தால், பெண்டாட்டி, புருஷன், பெற்றோர், பிள்ளைகளுக்காக வழக்குப் போடலாம் என்று வந்தது. "செயலால்" என்ற ஒரு சொல்லில்தான் எங்கள் பிழைப்பு முழுக்க இருக்கிறது. அடிக்கும் சாவுக்கும் நடுவில் ஐம்பத்திரண்டு நாள் வந்து நின்றால், அந்த "ஆல்" எங்கே போய் ஒட்டும்?

மற்றொரு பக்கம் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 306ஆவது பிரிவு. மரணத்தை உண்டாக்காத உடற்காயத்துக்கான உரிமை, காயம்பட்டவரோடு செத்துவிடும் என்கிறது அது. ஆக, இரண்டு கதவு. அடியால் செத்தார் என்று நிரூபித்தால் ஒரு கதவு திறக்கும். நிரூபிக்கவில்லை என்றால், அவர் பட்ட வலிக்கும் வேதனைக்கும் உரிய காசுகூட அவரோடு எரிந்துவிடும். மிஞ்சுவது சொத்துக்கு வந்த நஷ்டம்: மருந்துச் செலவு, படுத்துக் கிடந்த நாளின் கூலி.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றைக் கேட்டபோது. இந்தியத் தண்டனைச் சட்டம், 1860. அதில் 299ஆவது பிரிவின் விளக்கங்கள். ஏற்கெனவே நோயாளியாக இருந்தவனைக் காயப்படுத்திச் சாவை முன்னால் கொண்டுவந்தாலும், அவன் சாவுக்குக் காரணம் நீதான் என்கிறது முதல் விளக்கம். நல்ல வைத்தியம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்லித் தப்ப முடியாது என்கிறது இரண்டாவது. தூக்குமேடை வரை கொண்டுபோகிற சட்டமே நாட்டு வைத்தியம் பார்த்த குற்றத்தைச் செத்தவன் தலையில் கட்டவில்லை. நஷ்டஈடு தருகிற சட்டத்தில் அத்தையின் கைநாட்டைக் காட்டிக் கதவைச் சாத்தினார்கள். "அது கிரிமினல் தம்பி, இது சிவில்" என்றார் சீனியர். சிவிலில் நிரூபணம் லேசாக இருக்கவேண்டும் என்பதுதானே முறை என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

லேசாகத்தான் இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே அதற்குச் சில வருடம் முன்னால் சொல்லியிருந்தது. அதுவும் தமிழ்நாட்டு பஸ் ஒன்றை வைத்து. இருட்டிய பிறகு போன பஸ், தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. 26 பேர் அடிபட்டார்கள், அதில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலை. ஆனாலும் தீர்ப்பாயம் நஷ்டஈடு கொடுத்தது. என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு என்று சொன்னால் வயதான குமாஸ்தாக்களுக்குத் தெரியும். 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் கம்பெனியின் மனுவைத் தள்ளினார். அங்கங்கே ஒரு சந்தேகம், அங்கங்கே ஒரு தெளிவின்மை என்று காட்டி வண்டிக்காரர்கள் தப்பிக்கத் தீர்ப்பாயங்கள் இடம் கொடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். சீனியர் அதை அத்தை கேஸிலும் வாசித்தார். அது ஓட்டியவர் கவனக்குறைவைப் பற்றியது, சாவின் காரணத்தைப் பற்றியது அல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

தீர்ப்பாயம் என்பதே 1956இல் வந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் சாதாரண சிவில் வழக்குத்தான். கேட்கிற தொகைக்குத் தக்கபடி கோர்ட் கட்டணம் கட்டவேண்டும். புருஷனை இழந்தவள் கட்டணத்துக்குக் காதுத்தோட்டைக் கழற்றவேண்டும். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 110 என்ற பிரிவைத் திருத்தி வரிசையாகச் சேர்த்துத் தீர்ப்பாயம் கொண்டுவந்தார்கள். கெடு 60 நாள். 1969இல் அதை 6 மாதமாக்கினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெடு ஓட ஆரம்பிப்பது விபத்து நடந்த நாளிலிருந்து, இறந்த நாளிலிருந்து அல்ல. 60 நாள் கெடு இருந்த காலத்தில் மாமா இறந்திருந்தால், அத்தைக்கு மிச்சம் எட்டு நாள். அதில் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருக்காது.

புள்ளிவிவரக்காரர்கள் வேறு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால்தான் அது சாலை விபத்து மரணம் என்பது உலகம் பூராவும் உள்ள கணக்கு. மத்திய அரசின் வருடாந்தர அறிக்கையிலும் அதுதான். இங்கிலாந்தில் கொலைக் குற்றத்துக்கே ஒரு வருடமும் ஒரு நாளும் என்ற வரம்பு நெடுங்காலம் இருந்து 1996இல்தான் ஒழிந்தது. நஷ்டஈட்டுச் சட்டத்தில் அப்படி எந்தக் கோடும் கிடையாது. நூறாம் நாள் இறந்தாலும் அடியால் என்று வாதாடலாம், மூன்றாம் வருடம் இறந்தாலும் வாதாடலாம். ஆனால் நாள் கூடக் கூடக் காகிதமும் கூடவேண்டும். இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் நாற்பது வருடத்தில் கற்றுக்கொண்டேன். அடிபட்ட அன்றைய காகிதம் எல்லோரிடமும் இருக்கிறது. செத்த அன்றைய காகிதமும் இருக்கிறது. நடுநாட்களின் காகிதம்தான் இருப்பதில்லை. கேஸ் இருப்பது அங்கே.

முதலில் ஏ.ஆர். காப்பி. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவது. யார் கூட்டி வந்தார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார். கூட்டி வருவது பலசமயம் இடித்த வண்டிக்காரனின் சிநேகிதன். "கீழ விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அந்த இரண்டு சொல்லை அழிக்க மூன்று சாட்சி வேண்டும்.

அடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி. நோயாளி எந்த நிலையில் போனார், மறுபடி எப்போது வரச்சொன்னார்கள். பிறகு வெளிநோயாளிச் சீட்டு, மருந்துக்கடை பில், ஊர்க் கிளினிக்கில் ஊசி போட்டதற்குத் துண்டுச்சீட்டு. இந்தத் துண்டுச்சீட்டை யாரும் மதிப்பதில்லை. இருபத்தைந்தாம் நாள் காய்ச்சல், முப்பதாம் நாள் காய்ச்சல், முப்பத்தாறாம் நாள் புண்ணுக்குக் கட்டு என்று நாலு சீட்டு கோத்து வைத்திருந்தால், தொடை எலும்பிலிருந்து சாவு வரைக்கும் ஒரு கயிறு ஓடுவது ஜட்ஜ் கண்ணுக்குத் தெரியும்.

இறந்தால் உடனே ஸ்டேஷனுக்குத் தகவல். எஃப்.ஐ.ஆரில் பிரிவை மாற்றி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்புவார்கள். எங்கள் பேச்சில் 'செக்‌ஷன் ஆல்டர்'. முன்பு 338இலிருந்து 304ஏ. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 125இலிருந்து 106. எண் மாறியதே தவிர வேலை ஒன்றுதான். அந்த அறிக்கை போனால் பிரேத விசாரணை, அதன் பின்னால் பிரேதப் பரிசோதனை எல்லாம் தானாக நடக்கும். "அறுக்கக்கூடாது, அறுக்கக்கூடாது" என்று அழுகிற சொந்தக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் அத்தையும் அப்படித்தான் அழுதிருப்பாள்.

டாக்டர்கள் எழுதுகிற ஒரு சொற்றொடரைப் பற்றியும் சொல்லவேண்டும். இறப்புக் காரணச் சான்றுக்கு நாலாம் எண் படிவம் உண்டு. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் மேல் வரியில் உடனடிக் காரணம், அதன் கீழே அதற்கு என்ன காரணம், அதற்கும் கீழே அதற்கு என்ன காரணம் என்று படிப்படியாக இறங்கவேண்டும். கடைசிப் படியில்தான் லாரி நிற்கும். ஆனால் அவசரத்தில் மேல் வரியில் "இதயமும் மூச்சும் நின்றது" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். செத்த எல்லோருக்கும் அவை இரண்டும் நின்றுதானே போகும்! கம்பெனி வக்கீலுக்கு அது போதும். "மாரடைப்புத்தானே டாக்டர்?" என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்த மாதிரிக் கேள்வியிலிருந்து ஒரு டாக்டர் எப்படித் தப்பினார் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2003, ஆடிப் பதினெட்டு. மலையில் ஓரி விழா, கீழே எங்கள் ஊரில் கூட்டம். ரோட்டோரம் பொரிகடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவரை ஒரு மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டது. அறுபத்தேழு வயது. நெற்றியில் மூன்று தையல். எழுந்து உட்கார்ந்து, சிந்திய பொரியை அள்ளினார். மூன்றாவது வாரம் பேச்சில் சொல் தடுமாறியது. வேட்டியைத் திருப்பிக் கட்டினார். இடது கால் இழுத்தது. வயசாச்சு என்றார்கள் வீட்டில். முப்பத்துநாலாம் நாள் நினைவு தப்பியது. திருச்சியில் ஸ்கேன் எடுத்தால் மண்டையோட்டுக்கு அடியில் பழைய ரத்தம் கட்டி மூளையை ஒருபக்கம் தள்ளியிருந்தது. ஆபரேஷன் ஆனது. முப்பத்தாறாம் நாள் இறந்தார்.

அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. அவருடைய பேத்தி நர்ஸ் டிரெய்னிங்கில் இருந்தாள். அட்மிஷனின்போதே "தாத்தாவுக்கு ஆக்சிடெண்ட் ஆச்சு சார், தையல் போட்ட சீட்டு இருக்கு" என்று அதை டாக்டர் கையில் கொடுத்தாள். அதனால் அது போலீஸ் கேஸாகப் பதிவாகி, பரிசோதனையும் நடந்தது.

கோர்ட்டில் டாக்டர் ஏறினார். பி.பி. மாத்திரை சாப்பிட்டாரே, அதனால் வந்த ரத்தக்கசிவு இல்லையா என்று கேள்வி. அவர் பதற்றப்படாமல் விளக்கினார். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஓடுகிற சின்னச் சிரைகள் அப்போது விறைத்து நிற்கும். லேசான அடியே போதும், ஒன்று கிழிந்து சொட்டுச் சொட்டாக வாரக்கணக்கில் கசியும். ரத்த அழுத்தத்தால் வருவது பெரும்பாலும் மூளைக்கு உள்ளே, திடீரென்று. இது மூளைக்கு வெளியே, மெதுவாக. ஸ்கேனில் ரத்தத்தின் நிறமே அதன் வயதைச் சொல்லும். கூண்டில் கையை ஆட்டி ஆட்டி அவர் சொன்னது எனக்கே புரிந்தது. கம்பெனி வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வயது அறுபத்தைந்தைத் தாண்டியதால் வருட வருமானத்தை ஐந்தால்தான் பெருக்கினார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் 'விபத்தின் விளைவாக இறந்தார்' என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். மேல்முறையீடு மதுரைக் கிளைக்குப் போய்த் தள்ளுபடியானது. 2004 ஜூலையில் மதுரையில் ஐகோர்ட் கிளை திறந்த பிறகு அடிவாரத்துக் கேஸ்கள் மதுரைக்கு. மலைமேல் நாமக்கல் மாவட்டம், அங்கே அடிபட்டால் சென்னைக்கு. ஒரே ஆற்றின் தண்ணீர், இரண்டு கோர்ட். மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தத்துக்கு முன்னால் விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் மனுப் போடமுடியும். எங்கள் ஊரில் லாரி ஏறிய மலைக்காரர் திருச்சிக்கு வந்து கிடக்கவேண்டும். இப்போது குடியிருக்கும் இடத்திலும் போடலாம். அந்தத் திருத்தம் கெடுவையும் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம், தாமதமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் கட்டுப் போட்டோம்.

2019இல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். இந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 1. ஒரு கையால் கொடுத்து ஒரு கையால் வாங்கிக்கொண்டார்கள். கொடுத்தது 166(5). காயம்பட்டவர் பின்னால் எதனால் இறந்தாலும், அந்தச் சாவுக்கும் காயத்துக்கும் சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் கேட்டிருக்கக்கூடிய நஷ்டஈடு வாரிசுகளுக்கு வரும். காயத்தோடு உரிமையும் சாகிற பழைய கதை இதில் முடிகிறது. இது நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய வருடம், 2021இல், பழைய சட்டத்தின் கீழேயே, சொத்து நஷ்டம் என்ற பகுதி சாகாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருந்தது. அதற்குள் எந்தெந்தத் தொகை அடங்கும் என்று ஐகோர்ட்டுகள் அதுவரை ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தன.

ஆனால் இதைக் கேட்டு ஏமாறக்கூடாது. வருவது காயத்துக்கான தொகைதான். புருஷனின் சம்பாத்தியத்தைப் பதினைந்தாலோ பதினாலாலோ பெருக்கித் தருகிற சாவு நஷ்டஈடு வேண்டுமென்றால், அடியால்தான் செத்தார் என்று இன்றைக்கும் நிரூபிக்கவேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. நடுவில் இருக்கிற ஒன்றரை லட்சம் அந்தத் துண்டுச்சீட்டுகளின் விலை.

வாங்கிக்கொண்டது 166(3). 6 மாதக் கெடு திரும்ப வந்துவிட்டது. இப்போதும் விபத்து நாளிலிருந்துதான். இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. கோமாவில் எட்டு மாதம் கிடந்து இறந்தவர் வீட்டார் என்ன செய்வார்கள் என்று என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அடிபட்டவர் உயிரோடு இருக்கும்போதே காயத்துக்கு மனுப் போட்டு வையுங்கள், இறந்தால் அதையே திருத்திக்கொள்ளலாம் என்று சொல்கிறேன். உயிரோடு இருக்கிறவர் பெயரில் போய் இப்படிப் பேசுகிறானே என்று சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

இப்போது 108 வண்டி வருகிறது. முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு காசு கட்டுகிறது. அதனால் ஆரம்பத்துக் காகிதங்கள் முன்பைவிட நன்றாகவே சேருகின்றன. மூன்றாவது நாளிலிருந்துதான் பழைய கதை.

ஆகவே புளியஞ்சோலைப் பக்கத்து ஆட்களுக்கு, வேறு ஊர்க்காரர்களுக்கும், ஒரு குமாஸ்தாவின் வேண்டுகோள். ஆஸ்பத்திரி மஞ்சள் பையை அட்டத்தில் போடாதீர்கள். ஊசிக்குக் காசு கொடுத்தால் சீட்டுக் கேளுங்கள். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு நூறாம் நாள் இறந்தாலும் எரிப்பதற்கு முன்னால் ஸ்டேஷனுக்கு ஒரு ஆளை அனுப்புங்கள். சாவைப் பதிவு செய்யப் போகிறவன் வெறும் 'காய்ச்சல்' என்று சொல்லவேண்டாம்.

அத்தை கேஸின் கட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 1987இல் தீர்ப்பான தொகை 2,680 ரூபாய். வைத்தியச் செலவு 1,500. போக்குவரத்தும் சாப்பாடும் 400. மாமா படுத்திருந்த நாட்களின் கூலி, நாளுக்கு 15 ரூபாய் வீதம், 52 நாளுக்கு 780.